புதிதாக எதுவும் இல்லை

செவ்வாய், இரவு

கடல்நீர் ஏறி வற்றும் நேரம் காட்டும் மென்பொருளை எழுதுகிறவன் என் பள்ளித் தோழன் சேவியர். லினக்ஸ் கணினிகளில் எளிதாக நிறுவும்படி அதைப் பொதி கட்டித் தருவது நான். ஆறு வருடமாகச் செய்கிறேன். அவன் புதுப் பதிப்பு போட்டால் எனக்குச் சொல்ல ஒரு நிரல் தினமும் அவனுடைய இணையப் பக்கத்தைப் பார்க்கும். எட்டு மாதமாக 'புதிதாக எதுவும் இல்லை' என்றே சொன்னது. நம்பினேன்.

இன்று காலை ஒரு படகுக்காரரின் கடிதம். நான் கட்டிய பொதி நேரம் தப்பாகக் காட்டியதால் எண்ணூர் முகத்துவாரத்தில் படகு தரை தட்டிவிட்டதாம். தேடிப் பார்த்தேன். சேவியர் வேறு இணையதளத்துக்கு மாறி, மூன்று பதிப்புகள் வெளியிட்டிருக்கிறான். அவற்றில் முதலாவதிலேயே அந்தப் பிழையைத் திருத்தியும் இருக்கிறான்.

மாலை ராயபுரத்தில் அவன் வீட்டுக்கே போனேன்.

"எடம் மாறினத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா?"

"நீதான் மெஷின் வெச்சிகினு கீறியே மாமு. அது சொல்லும்னு வுட்டுட்டேன்."

"பொதி கட்ற மத்தவங்களுக்கு இன்னா பண்ண?"

"மெயில் போட்டேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் புதுப் பதிப்பைப் பொதி கட்டி அனுப்பினேன். படகுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன். தவறு என்னுடையது என்றே எழுதினேன். பிறகுதான் புதுப் பதிப்பின் நன்றிப் பட்டியலைத் திறந்தேன். பழைய பெயர்கள் எல்லாம் அதே வரிசையில் இருக்கின்றன. என் பெயரை மட்டும் நீக்கியிருக்கிறான்.