கவிழ்த்து வைத்த டம்ளர்

அனுப்புநர்:
சலவையகத்தில் இஸ்திரி போடுபவர்,
பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவரின் மனைவி,
மாடிப்படிக்கு அடியில் உள்ள வீடு,
தெருவின் கடைசி.

பெறுநர்:
தலைமைக் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
இல்ல அமைதித் துறை.

பொருள்: டம்ளரைக் கவிழ்த்து வைப்பதன் அர்த்தம் தெரிந்திருந்தும் தெரியாது என்று சாட்சி சொல்லி, என் கணவரைத் திருத்தகத்துக்கு அனுப்பிய தெருக் கண்காணிப்பாளர் மீது அதே நடவடிக்கையை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வீட்டில் நானும் என் கணவரும் வசித்து வந்தோம். தற்போது நான் மட்டும் வசிக்கிறேன். துறையின் கண்காணிப்புக் கருவி எங்கள் சமையலறையில், அடுப்புக்கு எதிர்ச்சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. தெருவில் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர். என் சொந்த மாமியார் என்னை இந்த அளவுக்குப் பார்த்ததில்லை என்பதால் நான் அதைக் கருவி என்றே குறிப்பிடுகிறேன். இந்த மனுவையும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், படிக்கிறவர்கள் கண்ணைச் சுருக்க வேண்டாமே என்று.

2. என் கணவர் பிறவியிலேயே பெருங்குரல்காரர். பணிமனை இரைச்சலில் வேலை செய்து அது இன்னும் பெருத்துவிட்டது. அவர் தும்மினால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். கருவி பொருத்திய புதிதில், குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்கே துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. இல்லத்தில் உரத்த வாக்குவாதம் கூடாது என்ற விதியை அதில் அடிக்கோடிட்டிருந்தார்கள். அடுத்த எச்சரிக்கை வந்தால் அவருக்கு வேலை போகும் என்று பணிமனை மேலாளரும் கூப்பிட்டுச் சொன்னார்.

3. ஆகவே நாங்கள் சத்தமில்லாமல் சண்டை போடக் கற்றுக்கொண்டோம். எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. அதில் நான் மிளகு இடித்து இடித்து அதன் அடி வெளியே புடைத்துவிட்டது. நிமிர்த்தி வைத்தால் உருண்டு விழும், கவிழ்த்தால்தான் நிற்கும். தண்ணீர் குடிக்க உதவாத அந்த டம்ளருக்கு இந்த வேலையைக் கொடுத்தோம். எனக்குக் கோபம் வந்தால் அதை எடுத்து அவர் தட்டுக்கு முன்னால் கவிழ்த்து வைப்பேன். இன்று உங்களோடு பேச்சில்லை, சோறு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவருக்குக் கோபம் வந்தால் என் தட்டுக்கு முன்னால் அவர் வைப்பார். யார் மனம் இறங்கி வருகிறாரோ அவர் டம்ளரை எடுத்து மறுபடி அலமாரியில் போடுவார். பெரும்பாலும் அவர்தான் எடுப்பார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒப்பந்தம் இவ்வளவுதான்.

4. சம்பவ நாளன்று நான் வெளுத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டில் என் கணவர் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டார். நாள் முழுவதும் ஊரார் கறையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அந்தத் துண்டைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தங்கள் யோசனைக்கே விடுகிறேன். டம்ளரைக் கவிழ்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து டம்ளரை எடுக்கக் கை நீட்டியபோதுதான் துறையின் ஆட்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என்னைச் சமாதானம் செய்ய நீண்ட அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார்கள். கவிழ்ந்த டம்ளர் ஒரு ரகசியச் சமிக்ஞை என்றும், “சாட்சியத்தை அழிக்க முயன்றார்” என்றும் அறிக்கையில் எழுதப்பட்டது. டம்ளரைக் கவிழ்த்தது நான்தான் என்று நான் சொன்னது எந்த அறிக்கையிலும் இல்லை. சமிக்ஞை யாருக்கு வந்ததோ அவர்தான் குற்றவாளி என்று எனக்கு விளக்கப்பட்டது.

5. விசாரணை தங்கள் அறையில், தங்கள் முன்னிலையில் நடந்தது. டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று தாங்கள் கேட்டீர்கள். என் கணவர் தம் வாழ்நாளிலேயே மிகச் சன்னமான குரலில் பதில் சொன்னார்: “அது என் பொண்டாட்டியோட கோவம்ங்க. வேற ஒண்ணுமில்ல.” தாங்கள் சிரித்தீர்கள். பிறகு தங்கள் நாற்காலிக்கு மேல் பொருத்தியிருக்கும் கருவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டீர்கள். ‘மழுப்பலான பதில்’ என்று எழுதச் சொன்னீர்கள்.

6. அடுத்து எங்கள் தெருக் கண்காணிப்பாளர் சாட்சி சொன்னார். அதுவரை அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் முகத்தை அவர் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்கிறார். அந்த டம்ளரைப் பல மாதங்களாகக் கவனித்து வருவதாகவும், எவ்வளவு முயன்றும் அதன் பொருள் விளங்கவில்லை என்றும், அது குடும்ப விஷயமாக இருக்க வாய்ப்பே இல்லை என்றும் சத்தியம் செய்தார். என் கணவர் திருத்தகத்துக்கு அனுப்பப்பட்டார். டம்ளர் மட்டும் என்னிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

7. திருத்தகத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. ஆகையால் எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை. துண்டு போனால் போகிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு இதுவரை வழியில்லை. ஐயா, இதைச் சொல்ல முடியாமல் போனதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

8. இனி புகாருக்கு வருகிறேன். அலுவலர் குடியிருப்பின் துணிகள் எங்கள் சலவையகத்துக்குத்தான் வருகின்றன. இஸ்திரி போட்டவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். சென்ற வாரம் புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாட்டியிருந்த புகைப்படத்தில் சத்தியம் செய்த அதே முகம். அவருடைய மனைவி முகம் கோணாமல் என்னைச் சமையலறை வரை வரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒரு முக்கியமான வழக்கைப் பிடித்ததற்காகக் கருவி இல்லாத இந்த வீட்டைத் தம் கணவருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அந்தச் சமையலறை மேசையில், ஒரு தட்டுக்கு முன்னால், ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

9. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாள் தாமாகச் சொன்னதை வார்த்தை மாறாமல் தருகிறேன்: “ரெண்டு நாளா நாங்க பேசிக்கிறதில்ல. டம்ளர் கவுந்திருந்தா எனக்குக் கோவம்னு அர்த்தம். அவர்தான் சொல்லிக் கொடுத்தாரு. வேலையில எந்த வீட்டுலயோ பார்த்தாராம்.”

10. பொருள் விளங்கவில்லை என்று தங்கள் முன்னால் சத்தியம் செய்தவர், அந்தப் பொருளைப் பத்திரமாகத் தம் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயன்படுத்தி வருகிறார். வாய்விட்டுக் கத்தினாலும் கேட்க ஆளில்லாத வீட்டில் இருந்துகொண்டு எங்கள் சண்டையைப் போடுகிறார்கள். எங்களிடமிருந்து எடுப்பதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது போலும்.

11. அந்த அம்மாள் நல்லவர். அவர் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. இந்த மனுவால் அவருக்கு என்ன நேரும் என்பது எனக்கு நேர்ந்ததிலிருந்தே தெரியும். எட்டாம், ஒன்பதாம் பத்திகளை எடுத்துவிடலாமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். எடுக்கவில்லை. எனக்குப் பெருந்தன்மை கிடையாது என்பதையும் பதிவு செய்துகொள்ளவும்.

12. கண்காணிப்பாளரின் சட்டைகளை இன்றும் நான்தான் இஸ்திரி போடுகிறேன். இஸ்திரிப் பெட்டியை அவர் காலரில் ஒரு நிமிடம் கூடுதலாக அழுத்தும் வாய்ப்பு எனக்கு அன்றாடம் கிடைக்கிறது. அதை நான் பயன்படுத்தவில்லை. கருகிய சட்டைக்குப் பதில் துறை புதிய சட்டை கொடுத்துவிடும். எனக்கு வேண்டியது சட்டைக்குள் இருப்பவர். கைதாகும் அன்று அவர் மடிப்புக் கலையாத சட்டையில் போக வேண்டும் என்பதற்காகவே கவனமாகத் தேய்க்கிறேன்.

ஆகவே ஐயா அவர்கள்,

(அ) மேற்படி கண்காணிப்பாளரின் வீட்டுக்குள், அவர் சாப்பிட்டு முடிக்கும் நேரமாகப் பார்த்து, அதே ஆட்களை அனுப்புமாறும்,

(ஆ) அவரைத் தங்கள் அறையில் நிறுத்தி, டம்ளருக்கு என்ன அர்த்தம் என்ற அதே கேள்வியைக் கேட்குமாறும்,

(இ) “என் மனைவியின் கோபம்” என்று அவர் சொன்னால், அதே பதிலைச் சொன்ன என் கணவரை அன்றே வீட்டுக்கு அனுப்புமாறும், வேறு பதில் சொன்னால் அவரை என் கணவர் இருக்கும் அறையிலேயே, ஒரே சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிராக உட்கார வைக்குமாறும்

கேட்டுக்கொள்கிறேன். என் கணவருக்குத் தும்மல் அடிக்கடி வரும் என்பதை அந்த அறைக் காவலருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம்.

இந்த மனுவுக்குப் பதில் வராமலே போய்விடலாம். அதனால் மேற்படி டம்ளரை இத்துடன் இணைத்துள்ளேன். பொட்டலத்தைப் பிரித்ததும் தாங்கள் அதை மேசையில் வைப்பீர்கள். முதலில் நிமிர்த்தி வைத்துப் பார்ப்பீர்கள், உருளும். அது எப்படி வைத்தால் நிற்கும் என்பதை மூன்றாம் பத்தியில் சொல்லியிருக்கிறேன். தங்கள் நாற்காலிக்கு மேலுள்ள கருவியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவர் கேட்டால், அது என் கோபம் என்று சொல்லுங்கள்.

டம்ளரை என் கணவர் கையில் மட்டும் திருப்பிக் கொடுத்தனுப்பவும். அதை எடுக்க வேண்டியது அவர்தான்.

இடம்: சமையலறை, கருவியின் முன்
நாள்: திங்கட்கிழமை

பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
டயர் மாற்றுபவரின் மனைவி

இணைப்பு: அடி புடைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று.
நகல்: தங்கள் அறைக் கருவியைப் பார்ப்பவருக்கு.