மோஸபெக்கில் எரிந்த சேலை பற்றிய முறைப்பாட்டை மீளப் பெறக் கோருதல்

அனுப்புநர்:
குணசேகரம் யதுர்சன்,
குளத்தடி வீதி, மோஸபெக்,
பிராண்டேக்கு அருகில், டென்மார்க்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நடுயூலாந்துத் தமிழர் பொதுமன்றம்,
பிராண்டே.

விடயம்: மோஸபெக் ஊர்க்காரர்கள் மீது மன்றம் கொடுத்துள்ள முறைப்பாட்டை, வரும் வியாழக்கிழமைக்கு முன் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்வது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மோஸபெக்கில் இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பத்தின் மூத்த மகன் நான். மன்றத்தின் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு அதை விட்டேன். அதன் பின் ஜிம்னாசியம் என்ற டெனிஷ் உயர்தரப் பள்ளியையும் பாதியில் விட்டேன். போன கோடையில் உங்கள் வீட்டுக் கூரையில் பாசி கழுவ வந்து, ஒரு பக்கத்தை மட்டும் கழுவிவிட்டுப் போனவனும் நான்தான். இவன் சொல்வதை ஏன் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் இந்த மனுவை நான் முழுதாக எழுதி முடிக்கிறேன். நீங்களும் முழுதாக வாசிக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்கிறேன்.

2. நீங்கள் கொம்யூன் நகரசபைக்கும் பொலிசுக்கும் கொடுத்த முறைப்பாடு சொல்வது இது: ஜூன் 23 மாலை, மோஸபெக் மக்கள் சேலை உடுத்திப் பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவத்தை நெருப்பில் எரித்து நம் இனத்தை அவமதித்தார்கள். ஐயா, அந்த உருவத்துக்குச் சேலை உடுத்தியது என் அம்மா மனோரஞ்சிதம். சேலை அவருடையது. பொட்டும் அவர் வைத்தது. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

3. எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு தேவாலயம், ஒரு குளம், ஒரு ஊர்மண்டபம், எப்போதோ மூடிய ஒரு கடை. பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில்தான் பஸ் வரும். வசந்தத்தில் வயலுக்குப் பன்றிச் சாணி அடிக்கத் தொடங்கினால் எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் ஓடிவந்து கொடியில் காயும் உடுப்பை எடுப்பார்கள். அதிகம் பேச மாட்டார்கள். காரில் எதிரே வந்தால் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம். அம்மாவுக்கு அந்த ஒரு விரல் கிடைக்கவே இரண்டு குளிர்காலம் போனது. கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து, "இண்டைக்குப் பன்றிப் பண்ணைக்காரர் எனக்கு விரல் தூக்கினவர்" என்று அப்பாவுக்குச் சொன்னார். "எந்த விரல் எண்டு வடிவாப் பாத்தனீரோ?" என்று அப்பா கேட்டார். அப்படியான சந்தோஷம் எங்கள் வீட்டில் அடிக்கடி வருவதில்லை.

4. ஜூன் 23, சங்த் ஹான்ஸ் திருநாள் மாலையில் குளத்தடியில் விறகு குவித்து எரிப்பது உங்களுக்குத் தெரியும். உச்சியில் வைக்கோலால் செய்த சூனியக்காரி இருப்பாள். எரிந்ததும் அவள் சூனியக்காரிகளின் மலைக்குப் பறந்து போய்விடுவாள் என்பது இவர்கள் கதை. எல்லா ஊரிலும் அவளுக்குக் கிழிந்த உடுப்புத்தான் போடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஒரு வீடு அவளுக்கு உடுப்புக் கொடுக்கும். யாருடைய முறை என்பதை ஊர்ச்சங்கம் சொல்லும். இவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக்கு முறை வந்ததில்லை. வெளியில் இருந்து வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டிருக்கிறார்கள். இந்த வருடம் ஊர்ச்சங்கத் தலைவி கீர்ஸ்டன் வந்து கதவைத் தட்டினார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். என்னையும் ஏற்றிப் போனவர்.

5. கீர்ஸ்டன் கேட்டது பழந்துணி. அதை நான் அம்மாவுக்குத் தெளிவாகத் தமிழில் சொன்னேன். எரிக்கத்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னேன். அம்மா அலுமாரியைத் திறந்து, மாமாவின் கலியாணத்துக்கு உடுத்த மெரூன் நிறப் பட்டுச் சேலையை எடுத்தார். நான் ஏசினேன். "உனக்கென்ன விசரே? முதல்முதல் ஒரு வீட்டுக்காரி வந்து கேட்டிருக்கிறா. கிழிஞ்சதைக் குடுத்தா எங்களை என்னெண்டு நினைப்பினம்?" என்றார். ஒருவருக்குக் கந்தல் கொடுப்பது நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய குறை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேலையை ஸ்திரிக்கை போட்டார். ஊர்மண்டபத்தில் வைக்கோல் பொம்மையை மேசையில் நிறுத்தி, கொய்யகம் பிடித்து, ஊசி குத்தி, கம்பளி நூலில் பின்னல் பின்னி, பிளாஸ்டிக் மல்லிகைச் சரமும் வைத்தார். கடைசியாகத் தன் கைப்பையில் இருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து வைத்தார். சுற்றி நின்ற பெண்கள் கை தட்டினார்கள். இப்படி ஒரு அழகியை எரிக்க எங்களுக்கு மனம் வராதே என்று கீர்ஸ்டன் சொன்னார். அம்மா என்னிடம், "வடிவா இல்லாட்டி சூனியக்காரியளின்ரை மலையிலை இவளை உள்ளுக்கு விடமாட்டினம் எண்டு சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்த மண்டபத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐயா. அம்மாவோடு சிரித்தார்கள்.

6. முறைப்பாட்டோடு நீங்கள் இணைத்த படம் நான் எடுத்தது. அம்மாவும் பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். அம்மா அதைக் கோல்டிங்கில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பினார். அது யார் யாருடைய கைபேசிக்கோ போய், அம்மா நின்ற பக்கம் வெட்டப்பட்டு, அடியில் "தமிழ்ப் பெண்மைக்குத் தீ" என்ற வரியோடு உங்களிடம் வந்திருக்கிறது. யார் வெட்டியது என்று நான் தேடவில்லை. படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வளையல் போட்ட ஒரு கை பாதி தெரியும். அது என் அம்மாவின் கை.

7. படம் பரவிய பிறகு நடந்ததை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. முதலில் கோல்டிங் சித்தி போன் எடுத்தார். "புருசன் உயிரோடை இருக்கேக்கை ஒரு பொம்பிளை தன்ரை சேலையைப் பொட்டோடை கொள்ளிக்குக் குடுப்பாளோ? உனக்கு அறிவில்லையோ அக்கா?" அம்மா அதை அதுவரை அப்படி நினைக்கவே இல்லை. அதன் பிறகு வேறு எதையும் நினைப்பதில்லை. அப்பா எங்கள் எல்லோருக்கும் சொன்னார்: "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. ரெண்டு கிழமை போனா வேறை கதை வந்திடும்." நாங்கள் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் நீங்களே அப்பாவுக்குப் போன் எடுத்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் சமையலறையில் நின்றேன். "அந்த ஊரிலை இருக்கிற ஒரே குடும்பம் நீங்கள்தானே அண்ணை, நீங்கள் சாட்சி சொன்னாத்தான் கேஸ் நிக்கும். உங்கடை மனுசி இதைப் பாத்து எவ்வளவு வேதனைப்பட்டிருப்பா!" என்றீர்கள். அப்பா, "ஓம் அண்ணை, சரியான வேதனைதான். யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். அம்மா அங்கேதான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

8. பொலிஸ்காரர் இருவர் ஊர்மண்டபத்துக்கு வந்தபோது நான் அந்த வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு எனக்கு இருக்கும் வேலை அதுதான். படத்தைக் காட்டி, இந்த உடுப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கீர்ஸ்டனிடம் கேட்டார்கள். கீர்ஸ்டன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "இது ஊர் செய்த பொம்மை. ஊர்ச்சங்கத் தலைவி நான். கேட்பதை என்னிடம் கேளுங்கள்" என்றார். மூன்றாம் வீட்டு மனோரஞ்சிதம் தந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் அப்போதே காரில் ஏறிப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குள் அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்பதை கீர்ஸ்டன் எப்படியோ விளங்கி வைத்திருக்கிறார். அம்மாவின் பெயரை அவர் காப்பாற்றினார். நான் புல்வெட்டும் மெசினை மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அதைத்தான் செய்தேன்.

9. அதன் பிறகு அம்மா வேலைக்குப் போகும் பாதையை மாற்றிவிட்டார். முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு கீர்ஸ்டன் வீட்டைக் கடந்து போவதுதான் நேர்வழி. இப்போது மண்பாதையால் சுற்றிச் சைக்கிளில் போகிறார். மழையிலும் அப்படித்தான். போன ஞாயிறு எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே கீர்ஸ்டன் தோட்டத்துப் புதுக் கிழங்கு, மண்ணோடு. வருடா வருடம் தருவதுதான், ஆனால் கதவைத் தட்டித் தருவார். இம்முறை தட்டவில்லை. அம்மா அதைச் சமைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. குசினிச் சிங்குக்குக் கீழே வைத்திருக்கிறார்.

10. கொம்யூன் ஊர்ச்சங்கத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. வரும் வியாழக்கிழமை, ஜூலை 10, மாலையில் ஊர்க்கூட்டம். அதில் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று சொல்லிவிட்டுத் தலைவர் பதவியில் இருந்து இறங்கப் போவதாக கீர்ஸ்டன் அறிவித்துள்ளார். இனிமேல் உடுப்பு முறையே வேண்டாம், கடையில் வாங்கிய பொம்மை போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எங்கள் கார் எதிரே வந்தால் இப்போது விரல் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் மேல் கோபம் இல்லை. பயம். எது செய்தால் எங்களுக்கு நோகும் என்று தெரியாத பயம். கோபம் என்றால் நான் சமாளித்திருப்பேன்.

11. ஐயா, இந்த நாட்டில் நம்மை அவமதித்தவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிராண்டே பஸ் நிலையத்தில் என் மேல் துப்பியிருக்கிறார்கள். அன்று முறைப்பாடு எழுத யாரும் இல்லை. நீங்கள் எழுதியது நல்ல எண்ணத்தில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அனுப்புமுன் எங்கள் வீட்டுக்கு ஒரு போன் எடுத்து, என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். பிறகு எடுத்தபோதும் கேட்கவில்லை. நீங்களே சொல்லிவிட்டு வைத்தீர்கள். நாங்களும் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்தோம். இதில் உங்களுக்கு உள்ள பங்கை விட எங்கள் வீட்டுக்கு உள்ள பங்கு பெரிது. அதனால்தான் எழுதுகிறேன்.

12. ஆகவே நான் கேட்பது:

வியாழக்கிழமைக்கு முன் கொம்யூனிலும் பொலிசிலும் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்று, தகவல் பிழை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். யார் கொடுத்த சேலை என்று கேட்டால் என் அம்மாவின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்ட படத்தை எடுத்துவிட்டு, வெட்டாத படத்தைப் போட வேண்டும். இத்தோடு அனுப்புகிறேன். அம்மா அதில் நன்றாகச் சிரிக்கிறார்.

முடிந்தால் நீங்கள் கூட்டத்துக்கு நேரில் வர வேண்டும். பேச்சு ஒன்றும் வேண்டாம். கீர்ஸ்டனுக்குக் கை கொடுத்தால் போதும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே எழுந்து நின்று உள்ளதைச் சொல்லத்தான் போகிறேன். மன்றத்தைப் பற்றி அங்கே பிழையாக எதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதைச் சொல்ல வைக்காதீர்கள்.

13. அனுப்புமுன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நிறுத்தச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "உன்ரை பேரிலை மட்டும் போனா, படிப்பை விட்ட பெடியன் விளையாட்டுக்கு எழுதினது எண்டு கிழிச்சுப் போடுவினம். என்ரை பேரையும் போடு" என்றார். சித்தி என்ன சொல்லுவா என்று கேட்டேன். "அவ சொல்லுறதைச் சொல்லட்டும். கீர்ஸ்டன் எனக்காக வாயை மூடினவ. நான் எனக்காகக்கூடத் திறக்கேல்லை" என்றார். அப்பா கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குக் கார்த் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

உங்கள் முடிவை வியாழக்கிழமைக்குள் எதிர்பார்க்கும்,

குணசேகரம் யதுர்சன்
(கையொப்பம்)

மனோரஞ்சிதம் குணசேகரம்
சேலையின் சொந்தக்காரி
(கையொப்பம்)

இடம்: மோஸபெக்
திகதி: 04.07.2025