கஞ்சிக்கு உப்பு பார்க்கிற ஆளு

அன்பு மக நஜ்மாவுக்கு அத்தா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லா கிருபையில நாங்க நல்லா இருக்கறோம், மஸ்கட்ல நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். கோவமாத்தான் எழுதறேன். போன்ல திட்டினா நீ அழுதுக்கினே வச்சிடுவ. பக்கத்து வூட்டு பிரவீனாவ எழுதச் சொன்னா விஷயம் தெருவுக்கே தெரிஞ்சிடும், அதான் கோணலோ மாணலோ நானே எழுதறேன்.

ரெண்டாம் நோன்பு அன்னிக்கு பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சறப்ப அடுப்பாண்ட எனக்குத் தலை சுத்துச்சு, அது பொகைமா, சர்க்கரை இல்ல. உங்கம்மா உன்னாண்ட சொன்னா, நீ அங்கேர்ந்து தொழ வைக்கிற ஹஜ்ரத்துக்கே போன் போட்டுட்ட. அவரு என்னைத் தனியா கூப்ட்டு, ஊசி போட்டுக்கறவருக்கு மார்க்கமே விலக்கு குடுக்குது பாய், ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சோறு போடுங்கன்னுட்டாரு. பன்னெண்டு வயசுலேர்ந்து ஒரு நோன்பு வுட்டவன் இல்ல நான். என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?

உப்புக் கதை ஞாபகம் இருக்குதா. நீ சின்னப் புள்ளையா இருந்தப்போ ஒருநாள் நானும் உப்பு போட்டேன், அரிசி களைஞ்சவனும் போட்டுட்டான், நோன்பு வச்சவன் எவன் ருசி பார்ப்பான், பாங்கு சொன்னப்புறம் இருநூறு பேரும் மூஞ்சிய சுளிச்சாங்க. அதுலேர்ந்து தறிக்கார ஆதிகேசவன்தான் நமக்கு உப்பு பார்க்கறது. சாயங்காலம் அசர் பாங்கு கேட்டா தறிய வுட்டு வந்து உள்ளங்கையில ஒரு சொட்டு வாங்கி நக்கிட்டு, போடுன்னுவாரு, இல்ல போதும்னுவாரு. அவரு வூட்டுக்காரிக்கு நம்ம கஞ்சின்னா உசுரு, தூக்குல போட்டுக் குடுப்பேன், அது வேற கதை.

இப்பதான் நோன்பு வுட்டாச்சே, நானே ருசி பார்க்கலாம். நாலு பேரு எதிர்ல கரண்டிய வாயில வச்சா தஸ்தகீர் பாய்க்கு நோன்பு இல்லன்னு ஊரே பேசும். ஆனா ஆதிகேசவனாண்ட மறைக்க மனசு வரல. நேத்து அவர் வூட்டுக்கே போயி, எனக்கு நோன்பு இல்லபா, உப்பு யாருக்கும் தெரியாம நானே பார்த்துக்கறேன், நீ வராதேன்னேன். அப்ப என் நாக்குக்கு பெருநாள் வரைக்கும் லீவா பாய்னு சிரிச்சாரு.

இன்னிக்கு அசருக்கு வந்து நிக்கறாரு மனுஷன். எல்லாரு காதுலயும் வுழறாப்ல, பாய் நோன்பு வச்சிக்கினு இருக்கறாரு, நான்தானே பார்க்கணும், ஊத்துன்னு கைய நீட்டறாரு. நெத்தியில திருநீறோட பள்ளிவாசல்ல நின்னு எனக்காகப் பொய் சொல்றாரு நஜ்மா. உப்பு கம்மின்னாரு. தலைய குனிஞ்சிக்கினு போட்டேன். எல்லாம் உன்னாலதான்.

ஊசி போட்டுக்கினுதான் இருக்கறேன். மத்தியானம் உங்கம்மா கதவ சாத்திட்டு சோறு போடறா, திருடன் மாதிரி திங்கறேன். நீ விடியறதுக்கு முன்ன சஹருக்கு எழுந்து சாப்ட்டுட்டு நோன்பு வை, வெறும் வயித்தோட வைக்காத. அல்லா உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும். பெருநாளைக்குப் போன் போடு, பேசறேனா இல்லையான்னு அன்னிக்குப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கோவம் தீராத உன் அத்தா
தஸ்தகீர்
காஞ்சிபுரம்