மூன்றை எட்டாத அலை

செவ்வாய், 4
காலையிலிருந்து மழை. எம்ஆர்டி ரயிலில் ஈரக்குடை இடி. இன்று செகண்டரி 4 பிள்ளைகளுக்கு டியூஷனில் சைன் வரைபடம். 1 சைன் x, 2 சைன் x, 3 சைன் x. முன்னால் உள்ள எண்தான் ஆம்ப்ளிட்யூட், அலையின் உயரம். 3 என்றால் மேலே 3 வரை ஏறணும், கீழே 3 வரை இறங்கணும், எத்தனை அலை வந்தாலும். தொண்டை கிழியச் சொல்லியாச்சு. போர்டில் வெறும் கையாலேயே போட்டேன். ஸ்கேல், கட்டம் எதுவும் எனக்கு வேண்டாம். அதில் ஒரு திமிர் உண்டு.

நிவேதா: "டீச்சர், கடைசி மலை குட்டையா இருக்கு லா." எல்லோரும் சிரிப்பு. மார்க்கர் காய்ந்துவிட்டது என்றேன்.

வாங்க: மார்க்கர் (கறுப்பு), கொத்தமல்லி, இவருக்கு ரேசர்.

வியாழன், 6
புழுக்கம். புது மார்க்கர். மூன்று அலையும் ஒரே அச்சில். இடப்பக்கம் அழகு. வலப்பக்கம் போகப் போக மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. 3-க்குப் போட்டது 2-ஐக்கூட எட்டவில்லை. போடும்போது கை பெரிதாகத்தான் போகிற மாதிரி இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் இல்லை.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே. பிள்ளைகள் அப்படியே காப்பி பண்ணிக்கொண்டார்கள். நாளைக்கு ஸ்கூலில் டெஸ்ட்டாம்.

தோள் பிடிப்பு. தைலம் தேய்க்கணும்.

சனி, 8
தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனோம். இவர் பின்னாலிருந்து: "ஏன் வலது கைய ஒட்டவச்ச மாதிரி நடக்குற? வீசி நட." வீசினேன். கொஞ்ச தூரத்தில் மறந்துபோனேன். நான் மறந்தால் கை நின்றுவிடுகிறது. இவரிடம் எரிந்து விழுந்தேன். பயமாக இருக்கிறது.

தோள் பிடிப்புதான்.

திங்கள், 10
வெயில். நிவேதாவின் அம்மா கலா போன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பேச்சே அதட்டல். "டீச்சர், டெஸ்ட்ல சைன் கிராஃப் மொத்தமும் தப்பு. அலை சின்னதாகிட்டே போவுது. கேட்டா, நீங்க அப்படித்தான் போட்டீங்கங்குறா. இதுக்கா அவ்ளோ தூரம் பொங்கோல்லருந்து அனுப்புறேன்? நாளைக்கு டூட்டி முடிஞ்சு நேர்ல வரேன்."

பிள்ளை என்னை நம்பி வரைந்திருக்கிறது.

செவ்வாய், 11
மேகமூட்டம். வகுப்பு முடிந்ததும் கலா வந்தார். டெஸ்ட் பேப்பரை மேசையில் போட்டார். சண்டைக்குத்தான் வந்தார். நானும் தயார். போர்டில் இன்று போட்ட 3 சைன் x அழிக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் போர்டுக்குப் பக்கத்தில் போனார்.

"இன்னொண்ணு போடுங்க."

போட்டேன், போர்டு நீளத்துக்கு நான்கு அலை. நான்காவது கிட்டத்தட்ட நேர்கோடு.

பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். "அக்கா, நான் நரம்பு வார்டுல இருக்கேன். பார்க்கின்சனான்னு ஒரு தடவ டாக்டர்கிட்ட பாத்துடலாம்."

"எனக்குக் கை நடுங்கலையே."

"எல்லாருக்கும் முதல்ல நடுங்கணும்னு இல்ல க்கா. எழுதுறது, வரையுறது சின்னதாகும்."

டீச்சர் போய் அக்கா. திட்டியே இருக்கலாம்.

"சில பேருக்கு வாசனையும் போயிடும். கீழ பூக்கடை இருக்கே, மல்லி வாசம் வருதா உங்களுக்கு?"

வரலை என்றேன். கடை சாத்தியிருப்பார்கள் என்றேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. வாசல் முழுக்க மல்லி.