மீனுக்குப் போட்ட சோறு

பேளுக்குறிச்சி,
பார்த்திப வருடம், புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணு குழந்தைசாமிக்கு அம்மா சின்னாத்தாள் தலை தொட்டு ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ராசாமணியும் அறப்பளீசுவரர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ சுகமாக இருக்கிறாயா என்பதை மட்டும் முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. எல்லாக் கடுதாசியிலும் போடுகிற வார்த்தைதான், ஆனால் இந்தத் தடவை அதைச் சொல்லும்போது எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் பெண்டாட்டி ராசாமணிதான். அஞ்சாவது வரை படித்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது. ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் இல்லை, நாங்கள் போட்டதும் திரும்பி வந்துவிட்டது. இப்போது சண்டை முடிந்துவிட்டது, இனிமேல் அங்கே தபால் போகும் என்று தபால்காரர் நேற்றுத்தான் சொன்னார். ரப்பர் தோட்டத்துப் பழைய விலாசமே போட்டிருக்கிறோம், நமக்கு வேறு எது தெரியும்.

செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வடக்குக் காட்டில் சோளம் பரவாயில்லை. மண்ணெண்ணெய் கண்ணில் காண முடியவில்லை, அதனால் பொழுதோடு சாப்பிட்டுப் படுத்துவிடுகிறோம். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் பேச்சு சீக்கிரம் தீர்ந்துபோகிறது சாமி. நான் சாப்பிட்டாயா என்கிறேன், அவள் நீங்க மொதல்ல சாப்பிடுங்க அத்தை என்கிறாள், அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. இன்றைக்கும் மூன்று பேருக்குத்தான் களி கிண்டுகிறாள், அளவு தெரியாதா என்று திட்டினால் கை அப்படியே வருதுங்க என்கிறாள். மிச்சத்தை மாட்டுக்குக் காட்டுகிறேன், மாடு நன்றாகக் கொழுத்திருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்கு உன் சித்தப்பன் அர்த்தனாரி வந்து, ரண்டு பேரும் ஊட்டுக்குள்ளயே கெடந்து என்ன பண்றீங்க அண்ணி, வாங்க அறப்பளீசுவரர் மலைக்குப் போயிட்டு வரலாம் என்றார். கூப்பிட்டாலும் வராத மனுசன் தானாக வண்டி கட்டிக்கொண்டு நின்றார் என்றால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடிவாரம் வரைக்கும் வண்டி, அப்புறம் நடை, எப்போதும் போல. காட்டுப் பாதையில் மிருகத்தை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு வண்டியில் முன் இடம் என்று நீ ஒரு சட்டம் வைத்திருந்தாயே, கருகின அடிமரத்தைக் காட்டிக் கரடி கரடி என்று கத்தி அந்த இடத்தைப் பிடித்தாயே, அதை நினைத்துக்கொண்டே போனேன். இந்தத் தடவை முதலில் மயில் வந்தது, பிறகு ஒரு உடும்பு பாதையை அறுத்துக்கொண்டு போனது, இரண்டையும் நான்தான் பார்த்தேன். ஆனாலும் முன்னால் போய் உட்காரவில்லை. அந்த இடம் அடிவாரம் வரைக்கும் காலியாகவே வந்தது.

மேலே ஏறும்போது எங்கேயோ கேளையாடு நாய் மாதிரிக் குரைத்தது, தேடித் தேடிப் பார்த்தும் தென்படவில்லை. ஒரு நாவல் மரத்தடியில் மூச்சு வாங்க நின்றோம், ராசாமணி என் தோளைத் தட்டி, அத்தை அந்த வாலைப் பாருங்க என்றாள். மலை அணில். ஒரு முழ வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் பழத்தை வைத்துத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சரியாக உன் சித்தப்பன் தலைப்பாகையில் போட்டது. இவள் சிரித்துவிட்டாள். நீ கப்பல் ஏறிய பிறகு இவள் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது கண்ணு, அவன் படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் மேலே போனதும் எதிர்ச் சரிவில் நிஜமாகவே ஒரு கரடி, புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது, முதுகில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பேசாம நில்லுங்க என்றார் சித்தப்பன். அது குட்டியோடு புதருக்குள் போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு மலைமேல் வாழவந்தி நாட்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் கோயில் ஆற்றுக்குப் போனோம். அந்த ஆற்று மீனைப் பிடித்து மூக்குத்தி குத்தி விடுகிற வேண்டுதல் உனக்குத் தெரிந்ததுதான். நீ மலேயாவுக்குப் போகிறதற்கு முன்னால் உன் துண்டிலேயே ஒரு மீனைப் பிடித்துக் கொடுத்தாய், ஆசாரி செய்த சின்ன வளையத்தை அதற்கு மாட்டி, பிள்ளை நல்லபடியாகத் திரும்பினால் இன்னொரு மீனுக்கும் மாட்டுகிறேன் என்று விட்டேனே, அதைத் தேடத்தான் எனக்கு அங்கே போக ஆசை. சித்தப்பன் குளித்துவிட்டுப் பூசாரியைப் பார்க்கப் போனார். ராசாமணி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று குனிந்து தேடினாள். சித்தப்பன் கூடையில் வாழை இலையில் கட்டின சோறு இருந்தது, தங்கின வீட்டில் விடியலில் வடித்தது. மீனுக்குப் போடத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று பிரித்து உருட்டி உருட்டிப் போட்டேன். கறுப்பாகத் தெரிந்ததைக் கடுகு என்று நினைத்தேன், என் கண் இப்போது அவ்வளவுதான். மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன, மூக்கில் மினுக்கென்று இரண்டு மூன்று தெரிந்தது, எது நம்முடையது என்று சொல்ல முடியவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒவ்வொரு பிடிக்கும் உன் பேரைச் சொல்லி, குழந்தைசாமி வா சாமி, குழந்தைசாமி வா சாமி என்று சொல்லிப் போட்டேன். இலை காலியாகிக் கை கழுவும்போதுதான் பார்த்தேன், விரல் இடுக்கெல்லாம் எள்.

மீனுக்கு யாராவது எள் கலந்து போடுவார்களா. ராசாமணி என் கையைப் பார்த்தாள், பிறகு தன் கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் சித்தப்பன் பூசாரியோடு வந்துவிட்டார், கையில் தர்ப்பை. காலி இலையைப் பார்த்ததும் அப்படியே கல்லில் உட்கார்ந்து, பையன் கனவுல வந்து சித்தப்பா தண்ணி குடுங்கன்னு கேக்கறானுங்க அண்ணி, நான் என்ன பண்றது, சொன்னா வரமாட்டீங்கன்னுதான் சொல்லலீங்க என்று சின்னப் பிள்ளை போல அழுதார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு ஆற்றில் தள்ளியிருப்பேன், அழுகிற ஆளை என்ன செய்வது. பூசாரிதான் என்னைப் பார்த்து, பேரைச் சொல்லாம போட்டிருந்தா அது வெறும் சோறுதானுங்க, பேரு ஏதாச்சும் சொன்னீங்களா என்று கேட்டார். நான் இல்லீங்க என்றேன். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தவள் வாயைத் திறக்கவில்லை.

இறங்கி வரும்போது யாரும் காட்டைப் பார்க்கவில்லை, யானையே வந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு சோறு பிசையும்போதெல்லாம் விரல் இடுக்கைப் பார்த்துக்கொள்கிறேன். பெற்ற கையாலேயே செய்துவிட்டேனோ என்று ஒருநாள் வாய்விட்டு அழுதேன். அப்போது இவள்தான், நீங்க வான்னுதானுங்க அத்தை கூப்பிட்டீங்க, போன்னு சொல்லலீங்களே என்றாள். நியாயமான பேச்சுத்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. சித்தப்பன் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே, அவரும் உன்னைத் தூக்கி வளர்த்தவர்தான். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட தண்ணீரைக் குடிக்காதே. கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன், அது ராசாமணிக்கு, அவள் எழுதுவதை நான் கேட்க மாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் அறப்பளீசுவரர் உன் கூட இருக்கட்டும், நூறு வயசு இரு சாமி. பணம் வேண்டாம், சாமான் வேண்டாம், இப்போதே வா என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா, அன்றைக்கு நீ போட்டது மீனுக்குச் சோறுதான் என்று உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு. வேறு யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சின்னாத்தாள்
(கைநாட்டு)