அறைக்குள் சொன்னது

ஆகஸ்ட் 9

என் செல்ல வாலுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உங்கள் கல்லூரியில் கவுன்சலிங் அறை இருக்கிறதே, ஒரு நடை போய்ப் பார். "பைத்தியம்னு நினைப்பாங்கம்மா" என்றாய். யாரும் நினைக்க மாட்டார்கள். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அதே கவுன்சலர் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன், கேள்.

இடம் கிடைக்கவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாளே எல்லாம் சரியாகிவிடாது. அவர் புத்தி சொல்ல மாட்டார், கேட்டுக்கொண்டே இருப்பார். உனக்கு எரிச்சல் வரும். மருந்து தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவார். முக்கியமானது இதுதான்: உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, நீ சொல்வது துறைத்தலைவருக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது. அதை நம்பித்தான் பிள்ளைகள் என்னிடம் வாயைத் திறக்கிறார்கள்.

அன்புடன்,
அம்மா

செப்டம்பர் 2

அன்புள்ள அம்மா,

போனேன். முதல் நாள் பாடத்திட்டத்தைத் திட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவது முறைதான் விஷயத்துக்கே வந்தேன். கவுன்சலர் மேடம் குறுக்கே பேசவில்லை. ஓர் இடத்தில் "அது ரொம்ப கஷ்டமா இருந்திருக்குமே" என்றார். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன்.

என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன், தப்பாக நினைக்காதே. எனக்கென்று ஓர் இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் தூக்கமும் வருகிறது.

உன் வாலு

செப்டம்பர் 20

என் செல்லத்துக்கு,

சந்தோஷம். பெற்றவளிடம் சொல்ல முடியாததை யாரோ ஒருத்தியிடம் சொல்கிறாயே என்று வயிறு எரிகிறது. இருக்கட்டும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும். அப்பா பிரிந்து போன பிறகு, நான் சாயங்காலமெல்லாம் ஊரார் பிள்ளைகளின் கஷ்டத்தைப் போனில் கேட்டுக்கொண்டிருக்க, நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாயே, அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு என்னை வெறுக்காதே. அவசரப்பட்டுப் படிப்பையும் விட்டுவிடாதே.

அம்மா

செப்டம்பர் 27

அம்மா,

குழாய் விஷயத்தை இந்த உலகத்தில் ஒருவரிடம்தான் சொன்னேன். படிப்பை விடுகிற யோசனையையும் அவரிடம்தான். நேராகப் போய்க் கேட்டேன். நீ போன் செய்ததை மேடம் ஒப்புக்கொண்டார். பயிற்சிக் காலத்தில் நீ அவருக்கு சீனியராமே. "நாம ஒரே தொழில்ல இருக்கோம், நமக்குள்ள பேசிக்கிட்டா வெளிய சொன்னதாகாது" என்றாயாம். அழுதாயாம். என் முன்னால் ஒரு நாளாவது அழுதிருக்கிறாயா?

உன்னிடம் வருகிற பிள்ளைகளின் அம்மாக்கள் போன் செய்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். அதை வீட்டில் எத்தனை முறை பெருமையடித்திருக்கிறாய்! அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? இங்கே இருப்பது ஒரே ஓர் அறை. அதிலும் நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். இனி நான் அங்கே போக மாட்டேன்.

அக்டோபர் 3

கண்ணே,

"நல்லா இருக்காளா?" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் போன் செய்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். உன் மேடம் தயங்கினாள், நான் விடவில்லை. அவள் சொல்ல ஆரம்பித்த பிறகு, போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தது தப்புதான். என் பிள்ளை என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

நேரில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டு. என் மேல் உள்ள கோபத்தில் பேசுவதை நிறுத்திவிடாதே. வெளியே வேறு யாரையாவது பார், பெயரைக் கூட நான் கேட்க மாட்டேன். எனக்கு எழுது, என்ன வேண்டுமானாலும் எழுது.

உன் அம்மா

அக்டோபர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. தேர்வு முடிந்தது, எல்லாப் பாடத்திலும் பாஸ். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். விடுமுறைக்கு வர முடியவில்லை, தோழி வீட்டில் தங்குகிறேன். நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

வேறு விசேஷம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மகள்