என்ஜின் போடாமல் பார்த்த பற்றறி

இன்று காலை உன் கார் மறுபடி என் கராச்சுக்கு வந்தது, மச்சான். ஓட்டி வந்தவள் உன் தங்கச்சி. நீ செத்து ஆறு மாதமாகியும் உள்ளே உன் திருநீற்று வாசம் போகவில்லை. வோல்ற் மீற்றரை எடுத்துக்கொண்டு பொனற்றுக்குள் குனிந்தேன்.

பல வருடத்துக்கு முன் உன் அம்மா பெரியாஸ்பத்திரியில் சாகக் கிடந்த அன்றும் இப்படித்தான் குனிந்தேன். நல்ல மழை. "இரவு முழுக்கச் சார்ச்சில போட்டுக் கொண்டந்தனான். ஓடேக்கை சார்ச் ஏறுதோ எண்டு ஒருக்காப் பார். அச்சுவேலிக்குப் போய்த் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றாய். எனக்கோ கலியாண வீட்டுக்குப் போகிற அவசரம். என்ஜினைப் போடச் சொல்லாமலே மீற்றர் வயரைப் பற்றறியில் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ற். "ஒண்டும் இல்லை, போட்டு வா" என்றேன். இரவெல்லாம் சார்ச் ஏற்றிய பற்றறி பன்னிரண்டரை காட்டாமல் வேறென்ன காட்டும்? என்ஜின் ஓடும்போது பதினான்கு வருகிறதா என்றல்லவா பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

லைற்றும் வைப்பரும் போட்டபடி போயிருக்கிறாய். அச்சுவேலியில் பற்றறி இறங்கி, கார் திரும்ப ஸ்டார்ட் எடுக்கவில்லை. ஓட்டோ பிடித்து நீங்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடிவிட்டார்கள்.

அம்மாவின் எட்டுச் செலவுச் சடங்கு கழிந்தபின் காரைக் கொண்டுவந்து விட்டாய். ஓடும்போது சார்ச் ஏற்றுகிற ஓல்ரனேற்றரைக் கழற்றினால் உள்ளே கார்பன் தேய்ந்து கிடந்தது. சார்ச் ஏறவே வழியில்லை. சத்தமில்லாமல் மாற்றிப் பூட்டினேன். "பற்றறிதான் செத்துப்போச்சு" என்று உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ஓம், பழசுதானே" என்றாய். அதன் பிறகும் நீ வேறு கராச்சுக்குப் போனதில்லை. நம்பிவிட்டாய் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இன்று வயரை வைக்கப் போனபோது தங்கச்சி சொன்னாள்: "என்ஜினைப் போட்டிட்டுப் பாருங்கோ அண்ணை. காரை உங்களிட்டைத்தான் குடுக்கவேணுமாம், ஆனா என்ஜின் ஓடேக்கை பாக்கச் சொல்லவேணுமாம். சாகிறதுக்கு முன்னம் எங்கடை அண்ணை சொன்னவர். ஏனெண்டு கேட்டன், சிரிச்சவர்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் இத்தனை காலமும் என்னிடம் வந்திருக்கிறாய். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமேடா, பாவி. ஏசியிருந்தால் உன் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

என்ஜினைப் போடச் சொன்னேன். பதினான்கு தசம் இரண்டு. "நல்லா ஏறுது, பிள்ளை" என்றேன். அன்று அம்மாவின் கடைசி முகத்தைப் பார்க்காமல் போனது நீ மட்டுமல்ல, அவளும்தான். நான் அதைச் சொல்லவேண்டிய ஆள் கண்முன்னே நின்றாள். நான் பொனற்றை மூடிவிட்டு, அவள் போகக் கேற்றைத் திறந்துவிட்டேன்.